நீதிபதியின் மதமும் நாட்டின் சட்டமும்

2025 மே 22-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வெளியிட்ட தீர்ப்பொன்று இரண்டொரு வரிகளில் முடிந்துவிட்டது. நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்துவிட்டபடியால் கீழ்க் கோர்ட்டின் முடிவே நிலைத்து நிற்கும் என்பது அதன் சாரம். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அவ்வரிகள் தெரிவிக்கவில்லை, காரணமும் கூறவில்லை. வருங்கால வழக்குகளுக்கு அது முன்மாதிரியாகவும் ஆகாது. ஆயினும் அமெரிக்க அரசியல் சட்டத்தையும் கத்தோலிக்க மதத்தையும் பற்றி அந்நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வாதப் பிரதிவாதங்களைக் கவனித்து வருபவர்களுக்கு, அந்த மௌனத்திலிருந்து அறிந்துகொள்ளக் கூடியது நிரம்ப உண்டு.

வழக்கின் விவரம் இது. ஓக்லஹோமா மாகாணத்தில் சர்க்கார் பணத்தைக் கொண்டு தனிப்பட்டோர் நிர்வகிக்கும் சாசனப் பள்ளிகள் என்ற ஏற்பாடு உண்டு. 2023-ல் அம்மாகாணத்துக் கத்தோலிக்க மேற்றிராசனங்கள் இரண்டு சேர்ந்து, மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகப் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு இந்த அநுமதியைப் பெற்றன. செவில் நகரத்துப் புனித இஸிதோரின் பெயரால் அமைந்த அப்பள்ளி, கத்தோலிக்க மதத்தைப் போதிப்பது தன் நோக்கம் என்பதை மறைக்கவில்லை. இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று மாகாண அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். அவர் ரிபப்ளிகன் கட்சியைச் சேர்ந்தவர். 2024-ல் மாகாண சுப்ரீம் கோர்ட்டு அவர் கட்சியே சரியென்று தீர்ப்பளித்தது. அதன்மேல் சென்ற அப்பீலில்தான் நீதிபதிகள் நான்குக்கு நான்காகப் பிரிந்தனர். ஒன்பதாவது நீதிபதியான எமி கோனி பாரெட் அம்மையார் விசாரணையில் கலந்து கொள்ளவில்லை. அதற்கு அவர் காரணம் கூறவில்லை. ஆனால் பள்ளியின் தரப்பில் நின்றவற்றுள் நோட்டர் டேம் சட்டக் கலாசாலையின் மத சுதந்தர உதவிக் கழகமும் ஒன்று. அம்மையார் அக்கலாசாலையில் படித்துத் தேறி, அங்கேயே பல ஆண்டுகள் போதித்தவர்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அன்று வழக்கைத் தீர்மானித்த எண்மரில் ஐவர் கத்தோலிக்கர்: பிரதம நீதிபதி ராபர்ட்ஸ், தாமஸ், அலிட்டோ, கவனா, சோட்டோமேயர் அம்மையார். ஐவரும் ஒன்றுசேர்ந்து கத்தோலிக்கப் பள்ளியை ஆதரித்திருந்தால் அது வென்றிருக்கும். பள்ளிக்குக் கிடைத்த வாக்குகளோ நான்குதான். ஆகவே வாக்கு விவரம் வெளியிடப்படாவிட்டாலும், கத்தோலிக்க நீதிபதி ஒருவராவது தம் மதத்தாரின் பள்ளிக்கு எதிராக வாக்களித்திருக்கிறார் என்பது கணக்கினாலேயே நிச்சயமாகிறது.

கத்தோலிக்க நீதிபதிகள் பெரும்பான்மையாக இருக்கும் கோர்ட்டில் ரோமாபுரியின் விருப்பமே சட்டமாகிவிடும் என்று அஞ்சுவோர் அமெரிக்காவில் உண்டு. அப்படி ஆகவேண்டுமென்று ஆசைப்படுவோரும் உண்டு. இரு சாராரும் தவறான இடத்தில் பார்வையைச் செலுத்துகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். நீதிபதி எந்தக் கோயிலில் மண்டியிடுகிறார் என்பதைக் காட்டிலும், எந்தச் சட்டக் கலாசாலையில் என்ன பயின்றார், தம் முடிவுக்கு எத்தகைய காரணத்தைச் சபையறியக் கூறுகிறார் என்பவையே முக்கியமானவை. இதைச் சரித்திரத்தைக் கொண்டு விளக்க முயல்வோம்.

சர்க்கார் பதவி எதற்கும் மதப் பரீட்சை வைக்கலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6-வது ஷரத்து விதிக்கிறது. 1791-ல் சேர்க்கப்பட்ட முதலாவது திருத்தம், காங்கிரஸ் சபை எந்த மதத்தையும் அரசாங்க மதமாக ஸ்தாபிக்கலாகாது, மத அநுஷ்டானத்தைத் தடுக்கவும் கூடாது என்று கூறுகிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கக் குடியேறிகள் திரள் திரளாக வந்தபோது, புராட்டஸ்டண்டுகளான பழைய குடிகள் அவர்களை அந்நியராகவே நடத்தினர். பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்டு பைபிள் வாசிக்கப்பட்டது. எந்த பைபிளை வாசிப்பது என்ற தகராறு முற்றி, 1844-ல் பிலடெல்பியா நகரில் கலகம் மூண்டு, கத்தோலிக்கக் கோயில்கள் தீக்கிரையாயின. பொதுப் பள்ளிகளை ஒப்பாத கத்தோலிக்கர் தங்கள் சொந்தச் செலவில் பள்ளிகளை நிறுவினர். மத ஸ்தாபனங்களின் பள்ளிகளுக்குச் சர்க்கார் பணம் ஒரு காசும் போகக்கூடாது என்று அரசியல் சட்டத்தைத் திருத்த 1875-ல் ஜேம்ஸ் பிளெயின் என்ற பிரமுகர் ஒரு பிரேரணை கொணர்ந்தார். அடுத்த ஆண்டு அது செனெட் சபையில் போதிய வாக்குப் பெறாமல் தோற்றது. தோற்றும் அது மடியவில்லை. பல மாகாணங்கள் அதே கருத்தைத் தத்தம் அரசியல் சட்டங்களில் எழுதிக்கொண்டன.

ஒரு பக்கத்துக் குற்றத்தை மட்டும் கூறுவது நியாயமாகாது. திருச்சபையும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்ற கொள்கையை 1864-ல் போப்பாண்டவர் 9-ம் பத்திநாதர் பிழையென்று கண்டித்திருந்தார். சிறுபான்மையாக இருக்கும்போது சுதந்தரம் கேட்டு, பெரும்பான்மையானதும் மற்றவர்க்கு அதை மறுப்பார்களோ என்று புராட்டஸ்டண்டுகள் சந்தேகித்ததற்கு ஆதாரமே இல்லையென்று சொல்ல முடியாது. 1928-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்ற கத்தோலிக்கரான ஆல் ஸ்மித்தை எதிர்த்தவர்கள் இந்த வாதத்தையே பெரிதும் கையாண்டனர்.

இந்தப் பகைமையின் உச்சமாக 1922-ல் ஆரிகன் மாகாணம் ஒரு சட்டத்தை ஜனவாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றியது. 8 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகள், சில விலக்குகள் நீங்கலாக, பொதுப் பள்ளிக்கே போகவேண்டும் என்பது அதன் விதி. கூ கிளக்ஸ் கிளான் என்ற வெறியர் கூட்டம் அதை மும்முரமாக ஆதரித்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடச் செய்வதே உள்நோக்கம். இயேசு, மேரி என்னும் திருநாமங்களின் பெயரால் அமைந்த கன்னியர் சபையும், மதச் சார்பில்லாத ஒரு ராணுவப் பயிற்சிப் பள்ளியும் கோர்ட்டுக்குச் சென்றன. 1925 ஜூன் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாக அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. குழந்தை வெறும் அரசாங்கத்தின் சிருஷ்டியல்ல, அதை வளர்ப்பவர்களுக்கு அதன் கல்வியை நடத்தும் உரிமை உண்டு என்று நீதிபதி மக்ரேனால்ட்ஸ் கூறினார்.

இத்தீர்ப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கன்னியர்கள் கத்தோலிக்க மதத்தின் உண்மையை நிலைநாட்டி வெல்லவில்லை. சட்ட முறையின்றி எவருடைய சுதந்தரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 14-வது திருத்தத்தைக் கொண்டு வென்றனர். அது யூதருக்கும் பயன்படும், நாஸ்திகருக்கும் பயன்படும், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராணுவப் பள்ளிக்கும் பயன்பட்டது. கடல் கடந்தும் பயன்பட்டது. 1974-ல் ஆமதாபாத் செயிண்ட் சேவியர் கல்லூரி வழக்கில், சிறுபான்மையோர் தமக்கு விருப்பமான கல்வி நிலையங்களை நடத்தும் உரிமையை நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஆராய்ந்தபோது, நீதிபதி கே. கே. மாத்யூ இந்த ஆரிகன் தீர்ப்பை எடுத்துக்காட்டினார்.

இனிச் சட்டக் கல்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஏறத்தாழ முப்பது கத்தோலிக்கச் சட்டக் கலாசாலைகள் இருக்கின்றன. நோட்டர் டேம் 1869-லும், ஜார்ஜ்டவுன் 1870-லும், நியூயார்க் போர்டாம் 1905-லும், சிக்காகோ லயோலா 1908-லும், பாஸ்டன் கல்லூரி 1929-லும் சட்டம் போதிக்கத் தொடங்கின. பகலில் கடைகளிலும் ஆபீஸ்களிலும் உழைத்த குடியேறிகளின் பிள்ளைகளுக்காக இவற்றில் பல மாலை வகுப்புகளை நடத்தின. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஹார்வர்டும் யேலும் இருந்தன. தபால்காரர் மகனும் கொத்தனார் மகனும் வக்கீலாவதற்கு இந்த மாலை வகுப்புகளே வழி. சட்டக் கலாசாலையில் சேருமுன் இரண்டாண்டு கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று அமெரிக்க வக்கீல் சங்கம் 1921-ல் தரம் வகுத்தபோது, ஏழைகளுக்குக் கதவடைக்கும் சூழ்ச்சியென்று பலர் கண்டித்ததற்கு இதுவே காரணம்.

இக்கலாசாலைகளில் போதிக்கப்பட்ட தத்துவம் என்ன? சட்டம் என்பது பொது நன்மைக்காக, சமூகத்தைப் பேணும் பொறுப்புடையவரால் வகுக்கப்பட்டு, யாவரும் அறியப் பிரசித்தம் செய்யப்பட்ட அறிவின் கட்டளை என்று 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் வரையறுத்தார். அறிவுக்கும் பொது நன்மைக்கும் முரணான சட்டம் சட்டமென்ற பெயருக்கு முழு உரிமை பெறாது. மனிதர் எழுதும் சட்டத்துக்கு மேலே, அறிவினால் அறியத்தக்க இயற்கைச் சட்டம் ஒன்று இருக்கிறது. இதுவே கத்தோலிக்கச் சட்ட ஆசிரியர்களின் அஸ்திவாரம். மறுபுறத்தில், நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1897-ல் நிகழ்த்திய புகழ்பெற்ற பிரசங்கத்தில், கோர்ட்டுகள் உண்மையில் என்ன செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்வதே சட்டம், அதை அறிய வேண்டுமானால் தண்டனைக்கு மட்டும் அஞ்சும் கெட்ட மனிதனுடைய கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். அமெரிக்காவின் பெரிய சட்டக் கலாசாலைகள் பெரிதும் ஹோம்ஸின் வழியைப் பின்பற்றின. இயற்கைச் சட்டத்தைப் பேசியவர்களை மத்தியகாலத்துப் பண்டிதர்கள் என்று பரிகசித்தன.

பரிகாசத்துக்கு 1927-ல் ஒரு பரீட்சை வந்தது. அறிவுக் குறையுள்ளவர்களுக்குப் பிள்ளைப் பேறு உண்டாகாமல் பலவந்தமாகச் சத்திர சிகிச்சை செய்ய வர்ஜீனியா மாகாணம் சட்டம் செய்திருந்தது. அதற்கு இலக்கானவள் காரி பக் என்ற ஏழைப் பெண். அச்சட்டம் செல்லும் என்று ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம். முற்போக்காளரென்று பெயர் பெற்ற பிராண்டைஸும் அப்பக்கமே. ஒரே ஒருவர் மாறுபட்டார். அவர் பியர்ஸ் பட்லர், அன்றைய கோர்ட்டில் இருந்த ஒரே கத்தோலிக்கர். காரணம் எதையும் அவர் எழுதவில்லை. அவ்வாண்டிலேயே அப்பெண்ணுக்குச் சத்திர சிகிச்சை நடந்தேறியது. அவள் அறிவுக் குறையுள்ளவளே அல்லள் என்பது பிற்காலத்து ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. இத்தகைய சட்டங்களால் அமெரிக்காவில் அறுபதினாயிரம் பேருக்கு மேல் பிள்ளைப் பேறு இழந்தனர். கெட்ட மனிதனுடைய கண்ணால் சட்டத்தைப் பார்த்தால் காரி பக்கைக் காண முடியாது என்பதை இவ்வழக்குக் காட்டிவிட்டது.

இதிலிருந்து கத்தோலிக்க நீதிபதியென்றால் நீதியின் பக்கமே நிற்பார் என்று முடிவு செய்துவிடலாமா? சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. சுப்ரீம் கோர்ட்டின் முதல் கத்தோலிக்க நீதிபதி ரோஜர் டானி. 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், நீக்ரோ இனத்தார் அமெரிக்கப் பிரஜைகளாக முடியாது என்று தீர்ப்பளித்தவர் அவரே. அடிமை வியாபாரத்தைப் போப்பாண்டவர் 16-ம் கிரகோரியார் 1839-லேயே கண்டித்திருந்தார். டானியும் தம் சொந்த அடிமைகளை விடுதலை செய்தவர்தாம். அப்படியிருந்தும் தீர்ப்பு அவ்வாறே வந்தது. இரண்டாவது கத்தோலிக்கரான எட்வர்டு டக்ளஸ் ஒயிட், ரயில் வண்டியில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இடம் வைப்பது செல்லும் என்ற 1896-ம் வருஷத் தீர்ப்பில் பெரும்பான்மையுடன் சேர்ந்தார். அதே மதத்தைச் சேர்ந்த பிராங்க் மர்பியோ, யுத்தகாலத்தில் ஜப்பானிய வமிசத்தாரை வீடு வாசலை விட்டுத் துரத்திய உத்தரவை 1944-ல் கோர்ட்டு ஏற்றபோது, அது இனத் துவேஷமே என்று எழுதி மறுத்தார். டானிக்கும் மர்பிக்கும் வேதம் ஒன்றுதான். தீர்ப்புகளோ இரு துருவங்களாக இருக்கின்றன.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. ஹிட்லர் ஆட்சியின் கொடுமைகளிற் பல சட்டத்தின் பெயராலேயே நடந்தன என்பதைக் கண்ட உலகம், சட்டத்துக்கு மேலே ஒரு தர்மம் வேண்டுமா என்று மறுபடி யோசித்தது. 1947-ல் நோட்டர் டேமில் இயற்கைச் சட்ட ஆராய்ச்சிக்கென்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. ஜான் கர்ட்னி மர்ரே என்ற ஜெஸூயிட் குருவானவர், மத சுதந்தரத்தை ஒப்பிய அமெரிக்க ஏற்பாடு கத்தோலிக்கக் கொள்கைக்கு விரோதமானதன்று என்று எழுதினார். 1950-க்கு அடுத்த ஆண்டுகளில் மேலதிகாரிகள் அவரை அவ்விஷயத்தில் எழுதாமல் நிறுத்தினர். ஆனால் 1965 டிசம்பர் 7-ந் தேதி வத்திக்கான் மகாசபை வெளியிட்ட மத சுதந்தரப் பிரகடனம், மர்ரேயின் கருத்துக்குப் பெரும்பாலும் வெற்றியளித்தது. அமெரிக்க அரசியல் சட்டத்திலிருந்து திருச்சபை கற்றுக்கொண்ட பாடம் என்று அதைச் சொல்லலாம்.

இதற்கிடையில் பொது வாழ்விலும் ஒரு சமாதானம் உண்டாயிற்று. 1957-ல் நீதிபதி வில்லியம் பிரென்னனை செனெட் கமிட்டியார் அவர் மதத்தைப் பற்றிக் கேட்டபோது, அரசியல் சட்டத்துக்குத் தாம் செய்த பிரமாணமே தம்மைக் கட்டுப்படுத்தும் என்றார். 1960-ல் ஜான் கென்னடி ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்டு போதகர்கள் முன்னிலையில் அதே தோரணையில் பேசினார். 1973-ல் கருச்சிதைவு உரிமையை ஏற்ற தீர்ப்பில் பிரென்னன் பெரும்பான்மையுடன் சேர்ந்தார். இதைக் கண்டு பல கத்தோலிக்கர் மனம் புழுங்கினர். பிரமாணத்தைக் காப்பதென்றால் மனச்சாட்சியை வீட்டில் வைத்துவிட்டு வருவதா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே.

இக்கேள்விக்கு இன்று கத்தோலிக்க சட்ட நிபுணர்கள் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தருகின்றனர். 1986 முதல் 2016 வரை சுப்ரீம் கோர்ட்டில் இருந்த அந்தோனின் ஸ்காலியா, தீவிர கத்தோலிக்கர். ஆனால் நீதிபதியின் வேலை இயற்கைச் சட்டத்தைத் தேடுவதன்று, அரசியல் சட்டத்தின் வாசகம் எழுதப்பட்ட காலத்தில் என்ன பொருள் பட்டதோ அதைக் கூறுவதே என்றார். 1990-ல், எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மத அநுஷ்டானத்தின் பெயரால் விலக்குக் கேட்க உரிமையில்லை என்ற தீர்ப்பை எழுதியவரும் அவரே. மறுபுறத்தில், 2016-ல் கத்தோலிக்கரான ஹார்வர்டு ஆசிரியர் ஏட்ரியன் வர்மியூல், பழைய பொருளைத் தேடும் கொள்கைக்கு இனி வேலையில்லை, பொது நன்மை என்ற கோட்பாட்டைக் கொண்டே நீதிபதிகள் அரசியல் சட்டத்துக்குப் பொருள் காண வேண்டும் என்று 2020-லும், 2022-ல் வெளிவந்த தம் நூலிலும் வாதித்தார். இருவரும் ஒரே ஞானோபதேசத்தை ஏற்றவர்கள்.

1973-ம் வருஷத் தீர்ப்பை 2022 ஜூன் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தபோது, ரோமாபுரி வென்றது என்று பலர் எழுதினர். தீர்ப்பை வாசித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நோட்டர் டேமில் பல ஆண்டு போதித்த ஜான் பின்னிஸ், பிரின்ஸ்டன் ஆசிரியர் ராபர்ட் ஜார்ஜுடன் சேர்ந்து, கருவிலுள்ள சிசுவும் 14-வது திருத்தம் கூறும் மனிதப் பிறவியே என்று அவ்வழக்கில் ஒரு மனுச் சமர்ப்பித்தார். கத்தோலிக்க இயற்கைச் சட்ட வாதத்தின் முழு உருவம் அதுதான். நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பு அந்த வழியில் செல்லவில்லை. உரிமை அரசியல் சட்ட வாசகத்திலும் இல்லை, தேச சரித்திரத்திலும் வேரூன்றவில்லை. ஆகவே விஷயம் மாகாண ஜனங்களின் பிரதிநிதிகளுக்கே உரியது என்று நிறுத்திக்கொண்டது. சோட்டோமேயர் அம்மையார் எதிர்த்தரப்பில் நின்றார். பிரதம நீதிபதி ராபர்ட்ஸ், வழக்கின் முடிவை ஏற்றாரேயன்றிப் பழைய தீர்ப்பை முற்றிலும் தள்ளிவிட இணங்கவில்லை. இதற்கு முன் 2015-ல் ஒரே பாலினத்தாரின் விவாகத்தை ஏற்ற தீர்ப்பை எழுதியவர் கத்தோலிக்கரான அந்தோணி கென்னடி. மறுத்த நால்வரும் கத்தோலிக்கரே.

மதம் இவர்களைப் பிரிக்கவில்லையென்றால் பிரித்தது எது? 2020-ல் பாரெட் அம்மையார் பதவியேற்றபோது கோர்ட்டில் ஆறு கத்தோலிக்கர் இருந்தனர். அவர்களில் கத்தோலிக்கச் சட்டக் கலாசாலையில் படித்தவர் அம்மையார் ஒருவரே. ராபர்ட்ஸ் ஹார்வர்டில் படித்தவர். தாமஸ், அலிட்டோ, சோட்டோமேயர், கவனா ஆகிய நால்வரும் யேலில் படித்தவர்கள். 1982-ல் யேல், சிக்காகோ முதலிய இடங்களின் சட்ட மாணவர்கள் ஆரம்பித்த பெடரலிஸ்டு சங்கம், பழைய பொருளைத் தேடும் கொள்கைக்கு ஒரு பாசறையாக வளர்ந்து, ரிபப்ளிகன் ஜனாதிபதிகள் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது செவிசாய்க்கும் ஸ்தாபனமாக ஆகிவிட்டது. நீதிபதிகள் எவ்வாறு தீர்ப்பளிப்பார்கள் என்பதை அறிய விரும்புவோர், ஞானோபதேசப் புஸ்தகத்தைப் புரட்டுவதைவிட இந்தப் பாசறையின் கொள்கையை ஆராய்வது பயன்தரும்.

மரண தண்டனை விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. 2018-ல் போப்பாண்டவர் பிரான்சிஸ், மரண தண்டனை எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று என்று ஞானோபதேசத்தைத் திருத்தினார். ஆயினும் 2020 ஜூலை முதல் 2021 ஜனவரி வரை மத்திய சர்க்கார் 13 பேரை விஷ ஊசி போட்டுக் கொன்றபோது, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த கோர்ட்டு அதற்குத் தடையாக நிற்கவில்லை. உயிர் இழந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி மறுப்புரை வழங்கியவரும் ஒரு கத்தோலிக்கரே. அவர் சோட்டோமேயர் அம்மையார். கருச்சிதைவில் ரோமாபுரியின் கட்டளைப்படி நடப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள், மரண தண்டனையில் அக்கட்டளையைப் பின்பற்றவில்லை. ஆகவே அவர்களை நடத்துவது வேறொரு கொள்கை என்பது தெளிவு.

அப்படியானால் மனச்சாட்சியுள்ள நீதிபதி செய்ய வேண்டியது என்ன? பாரெட் அம்மையாரும் ஜான் கார்வி என்ற ஆசிரியரும் சேர்ந்து 1998-ல் எழுதிய கட்டுரையில், மரண தண்டனை விதிக்க மனம் ஒப்பாத கத்தோலிக்க நீதிபதி அவ்வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும், சட்டத்தை வளைக்கலாகாது என்றனர். மரண தண்டனை பாவமென்று நம்பும் நீதிபதி ராஜிநாமாச் செய்வதே முறை என்று 2002-ல் ஸ்காலியா எழுதினார். இதில் நேர்மை இருக்கிறது. சட்டத்தைச் சொல்வதாக வேஷம் போட்டுக்கொண்டு சொந்த மதத்தைத் தீர்ப்பில் நுழைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மனச்சாட்சி உறுத்துகிறவர்கள் யாவரும் ஒதுங்கிவிட்டால், உறுத்தாதவர்களின் கையிலேயே உயிர்களைப் பற்றிய வழக்குகள் நிற்கும். 1927-ல் பட்லர் ஒதுங்கியிருந்தால், காரி பக்குக்காக ஒரு வாக்குக்கூட விழுந்திராது.

நாம் கூறும் வழி இதுதான். அரசியல் சட்டம் தெளிவான விதியை வகுத்திருக்கும் இடத்தில் நீதிபதி அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் சுதந்தரம், சட்ட முறை, கொடிய தண்டனை முதலிய தர்மச் சொற்களை அச்சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அவற்றுக்குப் பொருள் கூறும் நீதிபதி தர்ம விசாரணையிலிருந்து தப்ப முடியாது. அங்கே அவர் தம் மனச்சாட்சியைப் பயன்படுத்தட்டும். ஆனால் வேறு மதத்தாரும், மதமே இல்லாதவரும் எடைபோட்டுப் பார்த்து ஒப்பவோ மறுக்கவோ கூடிய காரணத்தைச் சபையறியச் சொல்லட்டும். ஸ்ரீ வர்மியூல் கூறும் பொது நன்மை நல்ல சொல்தான். அதை இன்னதென்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு, தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதியும் வலிய நிர்வாகமும் என்று விடை வருமானால், சிறுபான்மையோருக்கு அது நன்மையாக முடியாது. பொது நன்மையின் பெயராலேதான் ஆரிகன் சட்டமும் வந்தது. வர்ஜீனியாவின் கத்தியும் அதே பெயரால்தான் எடுக்கப்பட்டது.

விசேஷம் என்னவென்றால், இந்த வழி கத்தோலிக்க மரபுக்கு அந்நியமானதன்று. இயற்கைச் சட்டம் தெய்வ வெளிப்பாட்டினால் அன்றி மனித அறிவினாலேயே அறியத்தக்கது என்பது அக்குவைனஸ் முதல் மர்ரே வரை அனைவரும் வற்புறுத்திய சங்கதி. அறிவினால் அறியத்தக்கதென்றால், அறிவுள்ள எவரோடும் வாதித்து நிலைநாட்டப்பட வேண்டும். பட்லரின் மறுப்பு நம் மனத்தைத் தொடுகிறது. ஆனால் அவர் காரணத்தை எழுதாமல் விட்டது பெரு நஷ்டம். அவர் எழுதியிருந்தால் மாகாணங்களில் அச்சட்டங்களை எதிர்த்துப் போராடிய வக்கீல்களுக்கு அது ஆயுதமாகியிருக்கும்.

கத்தோலிக்கச் சட்டக் கலாசாலைகளின் கடமையும் இங்கேதான் இருக்கிறது. 1990-ல் போப்பாண்டவர் 2-ம் ஜான் பால், கத்தோலிக்க சர்வகலாசாலைகள் தம் தனித்தன்மையை இழக்கலாகாது என்று ஒரு சாசனம் வெளியிட்டார். அத்தனித்தன்மை எதில் இருக்க வேண்டும்? வாசலில் சிலுவை மட்டும் இருந்து வகுப்பறையில் ஹார்வர்டின் பாடமே நடக்குமானால் அக்கலாசாலைகளுக்குத் தனிக் காரணம் இல்லை. ஒரு கட்சிக்கு நீதிபதிகளைத் தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலையாக அவை மாறுமானால் அது இன்னும் கேடு. எழுதப்பட்ட சட்டம் இன்னது, இருக்க வேண்டிய சட்டம் இன்னது என்ற இரண்டையும் மாணவருக்குக் கற்பித்து, ஒன்றை மற்றொன்றாகக் காட்டி ஏமாற்றாத நேர்மையையும் ஊட்டுவதே அவற்றுக்கு உரிய வேலை. மாலை வகுப்பில் உட்கார்ந்து படித்த கொத்தனார் மகனுக்கு அது புரியாத தத்துவமாக இருந்திராது. சட்டம் தன் குடும்பத்தை எப்படி நடத்தியது என்பதை அவன் அறிவான்.

ஓக்லஹோமாக் கேள்வி தீரவில்லை. வேறு வழக்கின் உருவில் அது மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டின் படியேறக் கூடும். அப்போது அமெரிக்கப் பிரஜைகள் நீதிபதிகளின் ஜபமாலைகளை எண்ணிக்கொண்டிராமல், அவர்கள் எழுதும் காரணங்களை வரிவரியாகச் சோதிப்பார்களாக. நூறாண்டுகளுக்கு முன் கன்னியர்களின் பள்ளியைக் காத்தது, அவர்கள் மதத்தைச் சேராத நீதிபதிகளும் ஏற்கக்கூடிய காரணமே. அந்தப் பாதுகாப்பு யாவருக்கும் பொதுவாக இருக்கும் வரையில்தான் எந்த மதத்தாருக்கும் அது நிலைக்கும்.